கொசஸ்தலையில் கரண்ட் விட்ட பாவா

போன மழைக்குக் கொசஸ்தலை ஆறு கரை தொட்டு ஓடியது. தறியை நிறுத்திவிட்டு, அக்கா புருஷனோடு விரால் பிடிக்கப் போனேன். அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போட்டேன். சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் காலைச் சுரீரென்று இழுத்தது. பதறிக் கரையேறினேன். பாவா பேட்டரி வைத்து, ஆற்றுக்குள் ஒயர் விட்டிருந்தார். மீன்குஞ்சுகள்கூட வயிறு தெரிய மிதந்தன.

"பாவா, பொம்பளைங்க தொவைச்சிகினு இருக்காங்க! நானும் தண்ணியிலதான நின்னுகினு இருந்தேன்?"

"ஒண்ணும் ஆவாதுடா. தூண்டில் போட்டுகினு எவன் நாள்பூரா நிப்பான்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேட்டரியைத் தூக்கிப் பாறைமேல் போட்டு உடைத்தேன். தடுக்க வந்தவரின் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினேன்.

"மீனுக்காகவா அவருமேல கைய வெச்ச?" என்று அக்கா போனில் அழுதாள். அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படியில் எதிரே வந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். முருகனுக்கே கோபம் தணிந்த மலை என்கிறார்கள். எனக்கு இன்னும் தணியவில்லை.