வாலில்லா விமானமும் ஒரு சந்தனப் பொட்டும்: மண்டபத்தூர் கடற்கரையில் ஒரு காலை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சர், தன் பள்ளியில் பத்தாவது பிள்ளைகளுக்கு விமான இறக்கைகளைப் பற்றிப் பேச என்னையே கூப்பிட்டுவிட்டார். சமையல் நேரத்தில் வீடியோ பார்த்தும், நூலகப் புத்தகங்களைப் படித்தும் தெர்மாகோலில் நான் செய்யும் மாதிரிகள் அவருக்குத் தெரியும். "நான் செய்திருக்கும் வாலில்லா விமானம் பறந்தால் வருகிறேன், இல்லையென்றால் என்னை விட்டுவிடுங்கள்" என்றேன். அதைப் பார்க்கத்தான் மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இந்தப் பயணம்.

கடற்கரைக்குப் போகுமுன், அதையும் சேர்த்து நான் செய்து வைத்திருந்த மூன்று மாதிரிகளையும் எடை போட்டு நோட்டில் எழுதினேன். பிறகு சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டு, ஒவ்வொன்றின் மூக்கிலும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டேன். புது வண்டிக்குச் செய்வதுதானே! நான் பொட்டைக் கனமாகவே வைப்பேன்.

எங்கள் ஊர் கோவில்பத்தில் காலை 6.10க்கு நானும் டீச்சரும் ஆட்டோ ஏறினோம். போக வர, ஒன்றரை மணி நேரம் காத்திருக்க, நானூறு ரூபாய். மண்டபத்தூர் எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 6.35க்குச் சேர்ந்துவிட்டோம்.

டிரைவர் செந்தில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க, சரி. எலுமிச்சம்பழத்த எந்த டயருக்கு வைக்கிறதுங்க?"

"நீங்க ரோட்டப் பாருங்க தம்பி. நமக்கு மூணு டயரு இருக்கு," என்றார் டீச்சர்.

படகுகள் நிற்கும் இடத்தில் மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று வடக்கே இருநூறு அடி தள்ளிப் போனோம். காற்று அவ்வளவாக இல்லை.

ஆசை தாங்காமல் வாலில்லாததை முதலில் விட்டேன். வெறும் இறக்கை மட்டுமே விமானம் என்பது இந்த வடிவம். வாலும் உடம்பும் இல்லாததால் காற்று இழுத்துப் பிடிப்பது குறைவு. ஆனால் மூக்கு ஏறாமல் இறங்காமல் பிடித்து வைப்பது வால்தான். அந்த வேலையையும் இறக்கையே பார்க்க, பின்விளிம்பைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைக்க வேண்டும்; அதில் தூக்குவிசை சற்றுக் குறைந்துபோகும். விட்டேன், இருபத்தொரு தப்படி போய்த் தட்டையாக இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது பெட்டி இறக்கை: மேலொன்று கீழொன்றாக இரண்டு, ஓரங்களில் சேர்த்துக் கட்டியது. நுனியில் சுழலும் காற்று வீணாக்கும் சக்தி இதில் குறையும் என்று படித்திருந்தேன். ஆனால் இரண்டு இறக்கை என்றால் எடையும் இரண்டு மடங்கு. என்னுடையது பதினான்கு தப்படிதான். மூன்றாவது, முன்பக்கம் சாய்ந்த இறக்கை; வேகம் குறைந்தாலும் நுனியில் பிடி விடாதாம். அதற்கு முறுக்கைத் தாங்கும் உறுதி வேண்டும், தெர்மாகோலில் அது ஏது? நான் வேகமாக எறிந்ததில் நுனி மேலே முறுக்கிக்கொண்டு படக்கென்று ஒடிந்தது.

"வாலில்லாதத இன்னொரு தடவ விடுங்கக்கா, வீடியோ எடுக்கிறேன்," என்றார் டீச்சர்.

விட்டேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறி, அப்படியே நின்று, பொத்தென்று விழுந்தது. நான்கு தப்படி. மறுபடியும் விட்டேன், அதே கதைதான். இறக்கையைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறலும் இல்லை.

"டீச்சர், வேற யாரையாவது கூப்பிட்டுக்குங்க," என்றேன்.

கூடவே வந்திருந்த செந்தில்தான் குனிந்து பார்த்தார். "அம்மா, பொட்டு உதிர்ந்து போயிட்டுங்க. நான் அப்பவே நெனச்சேன், சகுனம் சரியில்ல."

வெயிலில் காய்ந்த சந்தனம் மொத்தமாகக் கழன்றிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எடை போட்டது பூசைக்கு முன்னால்! நோட்டில் பொட்டின் எடையே இல்லை. வாலுள்ள விமானத்துக்குச் செய்வதுபோல, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் மூன்றில் ஒரு பங்கில் எடை நிற்கும்படி அமைத்துவிட்டேன். வாலில்லாததற்கு அது இன்னும் முன்னால் நிற்க வேண்டும். அந்தத் தப்பை, எனக்கே தெரியாமல், பொட்டு சரிக்கட்டியிருக்கிறது.

பையிலிருந்த ஒரு ரூபாய்க் காசை மூக்கில் டேப் போட்டு ஒட்டி, மறுபடி பறக்கவிட்டேன். இருபத்துமூன்று தப்படி!

செந்தில் கைகூப்பினார். "காணிக்கை போட்டதும் பறக்குது பாருங்க."

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "திங்கக்கிழமை ரெண்டாவது பீரியட். முதல்ல காசு இல்லாம விடுங்கக்கா. விழட்டும். ஏன் விழுந்திச்சின்னு பிள்ளைங்க சொல்லட்டும்."

"வர்றேன்," என்றேன். 8.20க்கு வீடு.

நீங்களும் மாதிரி பறக்கவிடப் போவதானால், மண்டபத்தூருக்கு ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கடற்காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். டேப், சில்லறை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிந்த தெர்மாகோலை மணலில் விட்டுவராதீர்கள். எடை பார்ப்பது கடைசியில், எல்லாம் ஒட்டிய பிறகுதான்.

அன்று மாலையே காசை எடுத்துவிட்டு, மூக்கில் களிமண்ணை அழுத்தி, எடை பார்த்துச் சரிசெய்தேன். வகுப்பில் பிய்த்தெடுத்துக் காட்டவும் அதுதான் வசதி. அதன்மேல் விரல்நுனியால் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். இது எடைக்காக அல்ல.