விருந்தாளிகளை வைத்துக்கொண்டு

எழுபதுகளின் நடுவில் நான் டண்டினொங்கில், பழங்களை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். அடுத்த மேசையில் என் வயதுடைய ஓர் இத்தாலியப் பெண் இருந்தாள். சிறுமியாக இருக்கும்போதே பெற்றோருடன் கப்பலில் வந்து இறங்கியவள். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் இப்போது நினைத்தால், அவள் எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் பேசியதாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"ஈஸ்டர் லீவுக்கு எங்கட அப்பாவின்ர தோட்டத்துக்கு வாறீங்களா? இப்ப திராட்சை பறிக்கிற காலம். வைன் போடுறதைக் காட்டுறன். அம்மா நல்லாச் சமைப்பா."

அவளுடைய பெற்றோர் மெல்பேர்ணுக்கு வடகிழக்கே, மலையடிவாரத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருந்தார்கள். அங்கே இத்தாலியர்கள் பலர் புகையிலை பயிரிட்டார்கள், தங்கள் வீட்டுக்கென்று திராட்சையும் வைத்திருந்தார்கள். என் கணவர் தஞ்சாவூர்க்காரர். மாமிசம் தொடாதவர், மது வாடையே ஆகாதவர்.

"அங்க போய் நான் என்னத்தச் சாப்பிடறது?" என்றார். ஆனாலும் மெல்பேர்ணைத் தாண்டி நாங்கள் எதையுமே பார்த்திருக்கவில்லை. கடைசியில் சம்மதித்தார்.

அவளே காரை ஓட்டினாள். கணவனையும் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அது எனக்கு விசித்திரமாகப் பட்டது. பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் காரணத்தைச் சொன்னாள்.

"உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும். நான் அந்த வீட்டுக்குப் போய் அஞ்சு வருசம். அப்பா என்னோட கதைக்கிறேல்லை. நாங்கள் வடக்கு இத்தாலி. நான் கட்டினது தெற்கத்தியானை."

"ரெண்டு பேருமே இத்தாலிக்காரங்கதானே?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டார் என் கணவர்.

"நீங்கள் ரெண்டு பேரும் தமிழர்தானே? உங்கட மாமனார் கலியாணத்துக்கு வந்தவரோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் இவரைக் கண்டு கட்டிக்கொண்டதையும், என் அப்பா அன்றுவரை இவரிடம் ஒரு வார்த்தை பேசாததையும் அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன். எங்களை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று அப்போது புரிந்தது.

"விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னனான். வெளியாக்களுக்கு முன்னால அப்பா சத்தம் போடமாட்டார்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. சொல்லியிருந்தால் வந்திருப்போமா என்றும் தோன்றியது. என் கணவர் மெல்லத் தமிழில், "நம்மள முன்னால விட்டுட்டு இவ பின்னால ஒளிஞ்சுக்கப் போறா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதைக் கேட்டு நானும் தணிந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அப்பா, அந்தக் கிழவர், வாசற் படலையில் தொப்பியுடன் நின்றார். என் கணவரின் கையைக் குலுக்கினார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். மகளைக் காற்றைக் கடப்பதுபோலக் கடந்து தோட்டத்துக்குள் நடந்தார். குசினி வாசலில் அவளுடைய அம்மா மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கிழவர் எங்களுக்குத் தோட்டத்தைக் காட்டத் தொடங்கினார். இத்தாலிய மொழியில், அதுவும் அவர்கள் ஊர்ப் பேச்சில். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் மகள் ஓடிவந்து மொழிபெயர்த்தாள். அவர் எங்களைப் பார்த்துச் சொல்வார், அவளும் எங்களைப் பார்த்தே ஆங்கிலத்தில் சொல்வாள். நான் கேட்கும் கேள்வியை அவள் அவருடைய முதுகுக்குச் சொல்வாள். எங்கள் வீடுகளிலும் சண்டை போட்டவர்கள் இப்படித்தான் மூன்றாம் ஆளிடம் பேசுவார்கள். அந்த மூன்றாம் ஆளாக நான் நிற்பது அதுதான் முதல் தடவை.

புகையிலையைக் காயவைக்கும் உயரமான கொட்டில்களைக் காட்டினார். "எங்கட ஊரிலயும் புகையிலைதான், ஆனால் நாங்கள் புகை போட்டு உணத்துவம்" என்று சொல்லச் சொன்னேன். கிழவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவருடைய விளக்கங்கள் நீண்டன. வீட்டுக்குப் பின்னால் ஒரு திராட்சைப் பந்தல் இருந்தது. அதில் ஒரு கறுத்த பழத்தைப் பறித்துத் தந்தார். தோல் தடிப்பாக இருந்தது, வாயில் நசுங்கியதும் ஸ்ட்ராபெரி வாசம் அடித்தது.

"இதை அம்மாதான் நட்டவ. நான் சின்னனில இதுக்குக் கீழதான் விளையாடுறனான்" என்றாள் அவள். அது மொழிபெயர்ப்பா, அவளே சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

மதியம் அந்த அம்மா சோளமாவைச் செப்புப் பானையில் கிண்டி, மரப்பலகையில் கொட்டி, நூலால் அறுத்துப் பரிமாறினாள். கூடவே பீன்ஸ் சூப்பும், கசப்புக் கீரையும், குடலில் அடைத்த பன்றித் தொத்திறைச்சியும். என் கணவர் இறைச்சித் தட்டை மரியாதையாக நகர்த்தி வைத்தார்.

"உடம்பு சரியில்லையோ எண்டு கேக்கிறார்."

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்னு சொல்லுங்க."

கிழவர் நெடுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பிழிந்த திராட்சைச் சாற்றை ஒரு குவளையில் கொண்டுவந்து வைத்தார்.

"இது இன்னும் வைனாகேல்லையாம். ரெண்டு நாளைக்குப் பிறகு குடிச்சாத்தான் பாவமாம்."

எல்லோரும் சிரித்தோம். மகள் சிரித்தபோது கிழவர் மட்டும் தட்டைப் பார்த்தார். அம்மா இறைச்சிக் கொழுப்பு ஊற்றிய கீரையை எடுத்துவிட்டு, என் கணவருக்கென்று வேறு கீரையில் எண்ணெயும் வினாகிரியும் விட்டுப் பிசறிக் கொடுத்தாள். நானும் அதில் ஒரு வாய் எடுத்தேன், அப்படி ஒரு புளிப்பை அதற்குமுன் அறிந்ததில்லை. காரமும் இனிப்பும் சேர்ந்த புளிப்பு.

சாப்பாட்டுக்குப் பிறகு நிலவறைக்குப் போனோம். பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ரப்பர் குழாயால் உறிஞ்சி எனக்குச் சிறிய கிளாஸில் ஊற்றித் தந்தார். என் வாழ்க்கையில் முதல் வைன். நாக்கு வறண்டு, கன்னம் உள்ளே இழுத்தது. "நல்லா இருக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. மூலையில் கிடந்த சிறிய பீப்பாய்க்கு மட்டும் அவர் குழாயைக் கொண்டு போகவில்லை. அது என்னவென்று என் கணவர் கேட்டார்.

கிழவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"இது அஞ்சு வருசத்துக்கு முந்திப் போட்டதாம். ஒரு கலியாணத்துக்கெண்டு போட்டதாம். அந்தக் கலியாணத்துக்கு இவர் போகேல்லை. வைன் குறையக் குறைய பீப்பாயை நிரப்ப வேணுமாம், கோவத்தில பார்க்காமல் விட்டுட்டாராம். பிறகு திறந்து பார்த்தால் முழுக்கப் புளிச்சு வினாகிரியாப் போச்சுதாம். அம்மா அதைத்தான் கீரைக்கு விடுறா."

கிழவர் இன்னும் ஒரு வசனம் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். அவர் அதையே திரும்பச் சொன்னார். இந்தமுறை எங்களைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்றார்?" என்றார் என் கணவர்.

"பழத்தில பிழை இல்லையாம்" என்றாள். "பிழை தன்னிலதானாம்."

பிறகு அவள் அவரிடம் நேரே பேசினாள், அவர்கள் ஊர்ப் பேச்சில், வேகமாக. அதை யாரும் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. நான் என் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறி வெளியே வந்தேன். பந்தலின் கீழ் அம்மா பழக்கூடையுடன் நின்றாள். கீழே குரல்கள் உயர்ந்தன. கிழவர் சத்தம் போட்டார், மகளும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பேசாமலிருந்ததைவிட இது எவ்வளவோ மேல் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

புறப்படும்போது கிழவர் மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. கார் ஜன்னலில் குனிந்து, உன் புருஷன் சிவப்பு வைன் குடிப்பானா வெள்ளை குடிப்பானா என்று மட்டும் கேட்டாராம். சிவப்பு என்றாள். இரண்டு பெரிய குப்பிகளை அவரே என் காலடியில் வைத்தார்.

திரும்பும் வழியில் என் கணவர் கேட்டார்.

"உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாத் தெரியாதா?"

"தெரியாமல் என்ன? புகையிலை வாங்க வாறவங்களோட இத்தனை வருசமா இங்கிலீஷிலதானே பேரம் பேசுறார்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அப்போதுதான் தானே அதைக் கேட்டவள்போல வேகத்தைக் குறைத்தாள்.

அடுத்த வருடம் திராட்சைக் காலத்தில் அவள் எங்களைக் கூப்பிடவில்லை. கணவனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனாள். தொத்திறைச்சிக்கு மிளகாய் போடலாமா கூடாதா என்று மாமனாரும் மருமகனும் இரண்டு நாள் சண்டை பிடித்தார்களாம். எனக்கு முதலில் சற்று மனத்தாங்கல்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு இனி விருந்தாளிகள் தேவைப்படவில்லை.