மணல் என்று குறிக்கப்பட்ட கரை

எழுபதுகளின் நடுவில், ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. செயற்கைக்கோள் எடுத்த படங்களை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் விரித்து, சோழமண்டலக் கரையில் புயலின்போது கடல் எதுவரை ஏறும், அங்கே எங்கெல்லாம் மக்கள் வசிக்கிறார்கள் என்று வரைபடம் வரைவது. அதைப் பார்த்துத்தான் புயல் காப்பிடங்களுக்கு இடம் முடிவாகும். படித்த படிப்பு யாருக்காவது பயன்பட வேண்டும் என்று நினைத்தவனுக்கு அது நிறைவான வேலை.

விடுதியில் என் பக்கத்து அறைக்காரன் வேதியியல் ஆய்வாளன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். அவனுடைய அக்கா மணமாகியும் அங்கேயே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து படத்தின் மேல் குனிந்தான்.

"எங்க குப்பம் எங்கடா?"

"இந்த வெள்ளைதான். மணல்னு போட்டிருக்கோம்."

"அத்தனை குடிசையும் மணலா? உங்க சாட்டிலைட்டுக்கு முதல்ல ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கடா!" என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "அக்கா வீடு அங்கதான் இருக்கு. ஊர்னு ஒரு புள்ளி வெச்சிடேன்."

அந்தப் படங்களில் செயற்கைக்கோள் பதியும் மிகச் சிறிய கட்டத்துக்குள்ளேயே ஒரு தெரு அடங்கிவிடும். காய்ந்த ஓலைக் கூரையும் மணலும் ஒரே வெளுப்பு. ஓட்டு வீடுகளும் சாலைகளும் உள்ள ஊர்கள் தெரிந்தன. காற்றுக்கு முதலில் போகக்கூடியவை தெரியவில்லை.

பேராசிரியரிடம் கேட்டேன். அவர் இரக்கமற்றவர் அல்லர். "உங்கள் நண்பருக்காக ஒரு புள்ளி வைக்கலாம்," என்றார். "பான் நகரில் நண்பர் இல்லாத குப்பங்களை என்ன செய்வீர்கள்? கரை முழுவதையும் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்." அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எழுதினேன். நேரில் போகாமல் இருக்கத்தானே செயற்கைக்கோள் என்று காப்பிடம் கட்டும் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

வரைபடம் புள்ளியின்றியே போயிற்று. காப்பிடங்கள் ஓட்டு வீட்டு ஊர்களில் எழுந்தன. அடுத்து வந்த பெரும்புயலில் அக்காவும் பிள்ளைகளும் போனார்கள். சாவுச் செய்தி தந்தியில் வந்த பிறகும் அவன் என்னோடு சேர்ந்துதான் சமைத்தான், சாப்பிட்டான்; படத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை.

புயலுக்குப் பிந்தைய படம் வந்தபோது, மாறியவற்றைத் திருத்துவது என் பொறுப்பாயிற்று. இடம் நகர்ந்த முகத்துவாரத்தைத் திருத்தினேன். அறுந்த சாலையைத் திருத்தினேன். குப்பம் இருந்த இடத்தில் முன்பும் வெள்ளை, இப்போதும் வெள்ளை. திருத்தப் பட்டியலில் அந்த இடத்துக்கு எதிரே 'திருத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.