மூட மறுத்த கேட்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஹைட்ராலிக் சிலிண்டர்களுக்கு ஆயில் சீல் போடும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். தலையைக் குனிந்தபடி செய்கிற வேலை, யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியை மூடிய பிறகு, தானியங்கி கேட்டுகளுக்கு சர்வீஸ் செய்யும் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தேன். வேலை பிடித்திருந்தது. ஒரே கஷ்டம், கேட் என்பது எல்லோரும் போய் வரும் இடத்தில் இருக்கிறது. நாலு பேர் நின்று பார்த்தால் என் கையில் ஸ்பேனர் வழுக்கும்.

முகப்பேரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராலிக் கை. எண்ணெயின் அழுத்தத்தில் கை நீளும்போது கதவு மூடும், சுருங்கும்போது திறக்கும். மூடி முடியும் இடத்தில் வேகம் குறைந்து, சத்தமே இல்லாமல் வந்து சேரும். அந்தக் கடைசி ஒரு சாண் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அங்கே இருக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் பிடிக்கும். அவருக்கு வலது தோள் பாதிக்கு மேல் எழும்பாது. அந்தக் கதவுகளைத் தள்ளித் தள்ளியே அப்படி ஆனது என்பார். கேட்டின் இரண்டு ஹைட்ராலிக் கைகளையும் "தம்பிங்க" என்றுதான் சொல்வார். நான் எண்ணெய் பார்க்கப் போனால், "சின்னவன் கொஞ்சம் மொனகுறான்மா, அவன மொதல்ல பாரு" என்பார்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அவரே போன் செய்தார்.

"இன்னாம்மா, ஊட்ல கீறியா? தம்பிங்க தொறக்குறானுங்க, மூட மாட்றானுங்க. நேத்துலேர்ந்து நான்தான் தள்ளிகினு கீறேன்."

"அந்தத் தோளோடயா அண்ணா?"

"வேற யார் தோள வாங்கியாந்து தள்றது?"

எஸ்டேட் சாலை முழுக்க உடைத்த பூசணிக்காய். வழுக்காமல் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கேட் தூண்களில் வாழைக்கன்று, கதவுகளில் மாலை. நிறுத்தியிருந்த கார், பைக், தண்ணீர் மோட்டார், குப்பைத் தொட்டி மூடி வரைக்கும் சந்தனமும் குங்குமமும்.

சங்கச் செயலாளர் காபி டம்ளரோடு வந்தார். கோயமுத்தூர்க்காரர், ஐ.டி.யில் வேலை. "மழைக்கு ஒருக்கா நின்னுச்சு, இப்ப மறுபடியுங்க மேடம். பேசாம இதக் கழட்டிட்டு பழையபடி கையாலயே தள்ளிக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. சாயங்காலம் மீட்டிங்குங்க" என்றார். சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அவர் நகர்ந்ததும் வாட்ச்மேன் அண்ணன் மெல்லச் சொன்னார். "கையால தள்ற கேட்டுன்னா என்ன வெச்சிக்க மாட்டாங்கம்மா. ஏஜென்சிக்காரன் வயசுப் பையன் ஒருத்தன அனுப்பிடுவான். இந்தத் தோள வெச்சிகினு நான் எங்க போவேன்?"

நான் பையைத் திறந்தேன். கேட் மூடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சென்சார். இரண்டு தூண்களிலும் எதிரெதிராக ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும்; அதை ஏதாவது மறைத்தால் கேட் மூடாது. இரண்டையும் பார்த்தேன். தூசி இல்லை, சிலந்தி வலை இல்லை. சரியென்று நகர்ந்துவிட்டேன்.

பிறகு எண்ணெய். அளவு சரி, நிறமும் சரி. கசிவு இல்லை. கதவு மூடுவதைக் கட்டுப்படுத்தும் வால்வைத் திருகிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எண்ணெயிலயும் கலப்படமோ என்னமோ."

"திருஷ்டியா இருக்கும். பூசணிக்காய் ஒடச்சீங்களா இல்லையா?"

"ஒடச்சோமே, இதே கேட்டுக்கு முன்னாடிதான்."

எனக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்வையில் என் நெற்றிக் குங்குமம் கரைந்து வலது கண்ணில் இறங்கி எரிந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற கண்ணுக்கு நேராக சென்சார். அதன் கண்ணாடி முழுவதும் அப்பிய சந்தனம், நடுவில் வட்டமாகக் குங்குமம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். குப்பைத் தொட்டிக்கே பொட்டு இருக்கும் நாளில் சென்சாருக்கும் இருந்தது எனக்கு வித்தியாசமாகத் தோன்றவே இல்லை.

எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துவிட்டேன். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து ரிமோட்டை அழுத்தினேன். தம்பிகள் இருவரும் நகர்ந்தார்கள். வேகம் குறைந்து, கடைசி ஒரு சாணைச் சத்தமில்லாமல் கடந்து கதவுகள் சேர்ந்தன.

என் கையில் மஞ்சளாக இருந்த துணியைச் செயலாளர் பார்த்தார். பிறகு எல்லோரும் வாட்ச்மேன் அண்ணனைப் பார்த்தார்கள்.

"நேத்து எல்லாத்துக்கும் வெச்சேன் சார். இது மட்டும் மொட்டையா கீதேன்னு..." என்று தலையைச் சொறிந்தார்.

"நீங்களே வச்சுட்டு, நீங்களே விடிய விடியத் தள்ளுனீங்களாக்கும்" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது. அவர் என் பக்கம் திரும்பி, "அப்ப மெஷின்ல கோளாறு இல்லைங்களா?" என்று கேட்டார்.

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் தலையாட்டிவிட்டுப் பையை மூடுவேன். அன்று சொல்லிவிட்டேன். "எல்லாம் நல்லா இருக்கு சார். கழட்டாதீங்க. இது இருந்தாதான் அண்ணனும் இங்க இருக்க முடியும்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளர் காபியை ஒரு வாய் குடித்தார். "அப்ப சாயங்காலம் மீட்டிங்ல பொரிய மட்டும் சாப்பிட்டுக் கலைஞ்சுக்கலாமுங்க."

இந்த வருட பூஜையன்று மதியம், எண்ணெய் பார்க்கும் சாக்கில் போனேன். ஹைட்ராலிக் கைகள் இரண்டிலும் பெரிய பொட்டு, பூச்சரம்கூட உண்டு. புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு தூண் பக்கம் போனார். அண்ணன் இடது கையை நீட்டிக் குறுக்கே நின்றார்.

"அத்தத் தொடாதீங்கம்மா. அதுக்குப் பொட்டு ஆவாது."

"ஏன்?"

"ஆவாதுன்னா ஆவாது. தோ, எனக்கு வைங்க" என்று நெற்றியைக் காட்டினார்.