வெல்டர் வயிற்றில் ஒரு ஜாயின்ட்

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவளைக்கூட மன்னித்துவிடுவார்கள், சாப்பிடச் சொல்கிறவளை மன்னிக்கவே மாட்டார்கள். நான் இரண்டாமவள், கோலார் தங்கவயலில் ஓர் ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன். வீட்டில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி நீட்டி முறைப்பு வாங்கிய நீங்களும் என் கட்சிதான்.

முதல் தட்டு

ஜெயசீலன் அண்ணன் பேக்டரியில் வெல்டராக இருந்து ரிடையரானவர். வீடு பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில். குடலில் கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் பிடிக்க வேண்டும். விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. முன்பெல்லாம் காற்றுப் பிரியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. இப்போது சர்ஜன் பார்த்துச் சரி என்றால் மறுநாளே கொஞ்சங் கொஞ்சமாக ஆரம்பித்துவிடுகிறோம். புண் ஆறச் சத்து வேண்டாமா? சும்மா கிடந்தால் குடலும் சோம்பேறியாகிவிடும்.

இத்தனையும் மூச்சுவிடாமல் சொல்லிக் கஞ்சியை நீட்டினேன். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இன்னாம்மா நீ, வெல்டிங் போட்ட சூட்டோட எவனாச்சும் லோடு ஏத்துவானா?”

காலித் தட்டு

அடுத்த வேளையிலிருந்து தட்டு வழித்துத் துடைத்தாற்போல் திரும்பியது. கஞ்சி, மசித்த இட்லி, முட்டை வெள்ளை எல்லாம் காலி. என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் மனிதர் நாலடி நடப்பதற்குள் தள்ளாடினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சார்ட்டைப் பார்த்தேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சொல்லாமல் உள்ளே நுழைந்தேன். துணைக்கு இருந்த மைத்துனர் டேவிட் வாயில் இட்லியோடு மாட்டினார். கட்டிலில் அண்ணன் கண்மூடிக் கைகூப்பியிருந்தார். அவர் குணமாகவேண்டி சபையில் மூன்று நாள் உபவாச ஜெபமாம். தனக்காக அத்தனை பேர் பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் தின்பதா என்று இவரும் உபவாசத்தில் சேர்ந்துகொண்டாராம்! வந்த கோபத்துக்கு டேவிட்டைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் நிதானமாக மென்று விழுங்கினார்.

“ஆகாரத்த வீணாக்கக் கூடாதுன்னு மாமாதான் சொன்னாரு, மேடம்.”

ஷிப்ட்

நான் சொன்னால் கேட்கிற ஆளில்லை என்று அவர் மனைவி ரோஸ்லின் அக்காவுக்குப் போன் போட்டேன். சர்ச்சிலிருந்து நேராக ஓடிவந்தார். மூன்று நாள் பட்டினியில் அவர் முகமும் வாடியிருந்தது. சாப்பிடாவிட்டால் தையல் ஆறாது என்றதும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சுரங்கத்துக்குப் போன அப்பா காலத்திலிருந்து ஷிப்ட் பார்த்தே வளர்ந்த பெண்மணி. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பூனை எடுத்துக் கணவர் வாயருகே நீட்டினார்.

“பட்னி எங்க ஷிப்ட்டு, சாப்பாடு உங்க ஷிப்ட்டு. உங்க டூட்டிய ஒழுங்கா பாருங்க.”

டெஸ்ட்

அன்று நாலு ஸ்பூன், மறுநாள் அரைக் கிண்ணம் என்று ஏறியது. அதற்கடுத்த நாள் காற்றுப் பிரிந்தது. வார்டு முழுக்கக் கேட்டது, நான்தான் முதலில் கை தட்டினேன். காய்ச்சல் இல்லை, வயிறு உப்பவில்லை, தையல் பிடித்துவிட்டது என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். கிளம்பும்போது அண்ணன் என்னைத் தேடி வந்தார், தள்ளாடாமல்.

“ஜாயின்ட் நின்னுச்சும்மா, லோடு டெஸ்ட் பாஸு.”

அவரைத் தேற்றியது ஜெபமா கஞ்சியா என்று என்னைக் கேட்காதீர்கள்; எனக்குத் தெரிந்து அந்த மூன்று நாளில் சதை போட்டவர் டேவிட் ஒருவர்தான்.