வௌவால் சொன்ன பதில்

ஒத்தக்கடைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு வௌவால் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முன்பெஞ்சுச் சிறுமி எழுந்தாள். "டீச்சர், தலைகீழாவே தொங்குனா ஒண்ணுக்கு எப்படிப் போகும்? மூஞ்சியெல்லாம் வடியாதா?" வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது. அதனால் கோபம் வந்தது. "அதிகப்பிரசங்கி, உட்காரு!" என்று அதட்டினேன்.

மறுநாள் வௌவாலை நேரில் காட்ட, எல்லோரையும் திருவாதவூர் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனேன். மருதமரத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. மரத்தடியில் நின்று, அவை பழம் தின்று விதை பரப்புவதை விளக்கினேன். ஒரு வௌவால் சட்டென்று இறக்கையிலுள்ள பெருவிரல் நகங்களால் கிளையைப் பற்றி, தலை மேலாக நிமிர்ந்தது. அதிசயமாக அண்ணாந்து பார்த்தேன். முகம் நனைந்தது.

தள்ளி நின்ற அவள் நோட்டைத் திறந்தாள். "நிமிந்துக்கிட்டுத்தான் போகுது டீச்சர். எழுதிக்கிறவா?"