மலையேறிய கூலர்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் ஒவ்வொரு பெட்டியையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். போளூரில் நானாகவே கற்றுக்கொண்டு இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்தும் உள்ளே கிடப்பதைப் பார்க்கும் அதிர்ச்சி எனக்குப் பழகவில்லை. முன்பெல்லாம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் போன பிறகு, இதே தொழிலில் பாடுபடும் உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒட்டுவேலை

ஜவ்வாது மலையிலிருந்து வெள்ளையனும் அவர் மனைவி மல்லிகாவும் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மல்லிகா வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர். ஒரு ஸ்டுடியோக்காரர், முதல் வீடியோவை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் இருவரும் காபித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் வீடியோ பாதி ஆவதற்குள் மெஷின் சூடாகி அணைந்துவிடும்.

திறந்தேன். ப்ராசஸர் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரின் கால் உடைந்திருந்தது. பழுப்பாக ஏதோ ஒரு பிசின் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இருக்க வேண்டிய இடத்திலும் அதே பிசின். வெள்ளையன் பெருமையாகச் சொன்னார்: "பலாப்பால் சார். எங்க மலைல ஓட்டை அண்டாவையே இத வெச்சுதான் அடைப்போம்."

பெரிசு

வேறு கூலர் போடச் சொன்னேன். ப்ராசஸர் எவ்வளவு சூடாகும், பெட்டி எவ்வளவு அகலம் என்று பார்த்து வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மலையேறும் ஜீப்பின் குலுக்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குட்டையான ஒன்றை எடுத்துக் காட்டினேன். வெள்ளையனுக்குத் திருப்தியில்லை. வேலூர் போய், செங்கல் கனத்தில் கோபுரம் மாதிரி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். மாட்டினால் பெட்டியின் மூடியைச் சாத்த முடியவில்லை. "பெருசா இருந்தாத்தானே சார் குளிரும்?" என்றார். ஜீப்பில் பெட்டியைப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே அது கடகடவென்ற சத்தத்தோடு திரும்பி வந்தது. ஜீப் முழுக்கச் சாமை மூட்டையாம், படுக்கவைக்க இடமில்லையாம். நிற்கவைத்தபடியே வளைவுகளில் ஏறியதில் கூலர் பிடிப்போடு பிய்ந்து உள்ளே உருண்டுகொண்டிருந்தது. மதர்போர்டு எப்படித் தப்பியதென்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மல்லிகா கணவரைப் பார்த்த பார்வையில் நானே ஒதுங்கி நின்றேன்.

"என்ன ஏன் மொறைக்கிற? பொட்டிய நான் கெட்டியா புட்சிகினுதான் வந்தேன். உள்ள இருக்கறத யாரு புடிக்கிறது?"

மலை மேல்

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. குட்டை கூலரை மாட்டி, பெட்டியை என் மடியில் படுக்கவைத்துக்கொண்டு அவர்களோடு ஜீப் ஏறினேன். வீட்டில் வீடியோவை ஓடவிட்டேன். சூடு அளவோடு நின்றது. நிம்மதியாக டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மல்லிகா ஒரு தடித்த கம்பளியால் மெஷினை முழுசாகப் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"பனி எறங்குது இல்லீங்க? ஈரம் போனா கெட்டுடும்னு, வாங்கன நாள்லேர்ந்து போத்திதான் வெக்கிறோம்."

கம்பளியை உருவினேன். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைப்பதற்குள் வீடியோ முழுதாக முடிந்தது. மல்லிகா எழுந்து போய், காபித் தோட்டத்துக்குப் போகக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார். வெள்ளையன் மட்டும் கம்பளியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல இருக்கறதே ஒரு நல்ல கம்பளி. இத்தினி நாளா அத இதுக்குப் போத்திட்டு, நான் சாக்க போத்திகினு படுத்தேனே சார்!"

இப்போதெல்லாம் மலையிலிருந்து யார் கூலர் கேட்டு வந்தாலும், ப்ராசஸர் எது என்று கேட்பதற்கு முன்னால் மெஷினுக்கு என்ன போர்த்துகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.